பலகை இல்லாத மூன்று வளைவுகள்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் நம்பர் பலகை வைத்த இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் ஆசிர் ஒன்றை மறப்பார். கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது, வளைவுக்கு ஒன்று. அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது என்பதால் அந்த வீட்டில் யாரும் இதை வியாதியாக நினைக்கவில்லை. மலை இறங்கினால் சிலருக்குக் காது அடைக்கும், சிலருக்குக் குமட்டும், இவர்களுக்கு மறக்கும், அவ்வளவுதான். திரும்பி ஏறும்போது முதலில் போனது முதலாக, போன வரிசையிலேயே வளைவுக்கு ஒன்றாக எல்லாம் வந்து சேர்ந்துவிடும்.

ஆசிர் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அவர் மனைவி ரூபி சேலம் சூரமங்கலத்துப் பெண். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு இறங்கியபோதுதான் அவளுக்கு இந்த விஷயமே தெரியும். மாப்பிள்ளை இலையில் ஊற்றிய ரசத்தைக் காட்டி, இது என்னங்க என்று மாமியாரைக் கேட்டார். மாமியார் பெயரும் அன்றைக்கு அவரிடம் இல்லை. பெண்ணைப் பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டோம் என்று அந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனால் ரூபி அழுதுகொண்டு உட்காருகிறவள் இல்லை. ஆறே மாதத்தில் இதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். காப்பி மூட்டை ஏற்றும் லாரியில் கடைசியாக ஏற்றிய மூட்டைதானே முதலில் இறங்கும், அதேதான் இங்கும். அன்று காலையில் அவர் மனதில் கடைசியாக எது வந்து உட்காருகிறதோ அதுவே முதலில் போகும். அதனால் இறங்குகிற நாளில் வாசற்படியில் நின்று, போனால் போகட்டும் என்கிற இருபது சங்கதிகளை ஆசிர் உரக்கச் சொல்லுவார்: பழைய மேனேஜர் வளர்த்த நாயின் பெயர், எடைக்குப் போட்ட ஜீப்பின் நம்பர், எட்டாம் வகுப்பில் உருப்போட்ட வாய்பாடு, நின்றுபோன ஒரு நிச்சயதார்த்தத்தின் தேதி, இப்படி. ரூபி அன்றைக்குக் காலையில் வண்டி கிளம்பும்வரை அவர் கண்ணிலேயே படமாட்டாள். பட்டால் கடைசி மூட்டையாக மேலே ஏறிவிடுவோம் என்று பயம். பதிமூன்று வருடம் இப்படியே போய்வந்தார்கள். நாயின் பெயருக்கு மேல் பெரிய சேதம் எதுவும் இல்லை.

வினை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. மகள் ஹெப்சி ஏழாவது படித்தபோது, தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பற்றிப் பாடம் நடந்தது. கோட்டைக்குப் பக்கத்திலேயே கடல் என்று டீச்சர் சொல்ல, எங்கப்பா கடலே பாத்ததில்லைங்க மிஸ் என்று இவள் எழுந்து சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆசிருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. சேலத்தைத் தாண்டி அவர் குடும்பத்தில் யாரும் போனதில்லை. ஒரு சனி, ஞாயிறு போய்விட்டு வந்துவிடலாம் என்று அவரே ஆரம்பித்துவிட்டார். ரூபிக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை. விரல்விட்டு எண்ணி எண்ணிப் பார்த்தாள். வளைவு இருபதுதான், சேலத்துக்கு அப்புறம் கடல்வரை சமதரைதான், அதில் மறக்க என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கார்த்தியின் காரைப் பேசினாள்.

சனிக்கிழமை இருபது வளைவிலும் இருபதும் ஒழுங்காகப் போயின. அடிவாரத்தில் ரூபி, எம் பேரு என்னங்க என்று கேட்டாள். “ரூபி. இதென்ன புள்ள புதுசாக் கேக்கற?” என்றார். பாப்பா பேரையும் சரியாகச் சொன்னார். அவளுக்குப் பாதி உயிர் வந்தது. ஆத்தூர் தாண்டியதும், காலையிலிருந்து விட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டு வந்தவர் உதட்டைக் குவித்து வெறும் காற்றை ஊதினார். களைப்பாக இருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள். பெரம்பலூர் டீக்கடையில் காப்பி கொடுத்தபோது, “இது என்ன தண்ணிங்க, கருகின வாசம் வருது?” என்று கடைக்காரரைக் கேட்டார். இருபத்திரண்டு வருடம் காப்பியோடு கிடந்த மனுஷன்! சமதரையில எப்படி மறக்கும் கார்த்தி என்று ரூபி கேட்டாள்.

“தண்ணியெல்லாம் கடலுக்குத்தானுங்கக்கா ஓடுது. எறக்கம் இல்லாம எப்படி ஓடும்?” என்றான் கார்த்தி. மலைக்காரர்களிடம் உள்ள கோளாறு இது. இறக்கத்தை வளைவில்தான் அளப்பார்கள். வளைவும் பலகையும் இல்லாவிட்டால் அது இறக்கமே இல்லை என்று சாதிப்பார்கள். சேலத்தில் பிறந்த ரூபியையும் பதிமூன்று வருடத்தில் மலை அப்படி ஆக்கி வைத்திருந்தது. விசில் போன தூரத்தையும் காப்பி போன தூரத்தையும் வைத்து அவள் கணக்குப் போட்டாள். கடல் வருவதற்குள் இன்னும் ஒன்று போகும். அது எது என்று அவர் காலையில் செய்ததையெல்லாம் பின்னாலிருந்து எண்ணினாள். இருபதைச் சொல்வதற்கு முன்னால் அவர் சவரம் செய்துகொண்டே விசிலடித்தார். அதற்கு முன்னால் காப்பி குடித்தார். அதற்கும் முன்னால், ஹெப்சியின் கட்டிலில் உட்கார்ந்து, எந்திரி கண்ணு, கடலுக்குப் போலாம் என்று தலையை வருடி எழுப்பினார். அடுத்து இறங்கப்போவது ஹெப்சி.

திரும்பிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அந்த நேரம் பார்த்து ஆசிர், கடல் சத்தம் எத்தனை தூரத்துக்குக் கேக்கும் கண்ணு என்று மகளைக் கேட்க, அவள் கையை விரித்து விளக்க, ரூபியால் சொல்ல முடியவில்லை. வழியில் வந்த கடைப் பெயர்களையும் பஸ் நம்பர்களையும் சொல்லச் சொல்லிப் பார்த்தாள். ஓடுகிற வண்டியில் ஏற்றிய மூட்டை மாதிரி அவை நிற்காமல் சரிந்தன. ஹெப்சியின் மேல் வைத்தால் நிற்கக்கூடிய கனம் அந்த மனுஷனுக்குள் ஒன்றுக்குத்தான் இருந்தது, அது அவளே. ஜெயங்கொண்டத்தில் மகளை முன் சீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். கல்யாணத்தன்று பெய்த மழை, மறுவீட்டு ரசம், பிரசவத்தில் தனக்கு வந்த காய்ச்சல், சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனபோது இவர் இருபதையும் சொல்ல மறந்து இறங்கிவந்து எந்த வீடு என்று தெரியாமல் தெருவில் நின்றது, எல்லாவற்றையும் கொள்ளிடம் பாலம் தாண்டி மாயவரம்வரை வாய் ஓயாமல் பேசினாள். அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், உன்னை நொம்பப் படுத்திட்டேன் புள்ள என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உப்புக்காற்று முகத்தில் அடித்தபோது ஆசிர் கையை மெதுவாக உருவிக்கொண்டு, “மன்னிச்சுக்குங்க” என்று சொல்லி ஜன்னல் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தார்.

கோட்டையை ஹெப்சி டீச்சர் மாதிரி சுற்றிக் காட்டினாள். அவர் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, அப்படியா கண்ணு, அப்படியா கண்ணு என்று பின்னாலேயே போனார். பிறகு மதில் தாண்டிக் கடலைப் பார்த்தார். வெகுநேரம் நின்றார். இம்புட்டுமா என்று ஒரு தடவை கேட்டார். கொஞ்ச தூரத்தில் நின்றிருந்த ரூபியிடம் வந்து, “ஏனுங்க, இந்தச் செருப்பக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? கொழந்தைக்கு அலையக் காட்டிட்டு வந்தர்றனுங்க” என்றார். ஹெப்சி திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள். ரூபி உதட்டில் விரலை வைத்தாள். அப்பாவும் மகளும் அலைக்குள் ஓடியதை, இரண்டு செருப்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்ததோ அவ்வளவு பயமாகவும் இருந்தது. அன்றிரவு ஆசிர், தெரியாத பொம்பளை இருக்கிற ரூமில் தங்குவது முறையில்லை என்று காரில் கார்த்தியோடு படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது ரூபி பெரம்பலூரைப் பார்த்தாள், ஆத்தூரைப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. சமதரை எடுத்துக்கொண்டதே தவிரக் கொடுக்கவில்லை. அடிவாரத்தில் முதல் வளைவில் நாயின் பெயர் வந்தது. இரண்டாவதில் ஜீப் நம்பர் வந்தது. வேண்டாததெல்லாம் வந்துகொண்டே இருந்தது. இருபதாவது வளைவில் இருபதாவது சங்கதியும் வந்தது, ஏரி தெரிந்தது, மலை முடிந்துவிட்டது. ஆசிர் முன் சீட்டிலிருந்து திரும்பி, நீங்க எங்கீங்க எறங்கோணும் என்று கேட்டார். ஹெப்சி அழ ஆரம்பித்தாள். கர்த்தரே என்றாள் ரூபி. அப்புறம் கார்த்தியிடம், வண்டியை ஊட்டுக்கு விடாதே, சேர்வராயன் கோயிலுக்கு விடு என்றாள். ஏற்காட்டுக்கு மேலே அவளுக்குத் தெரிந்த மேடு அது ஒன்றுதான், கேட்பதற்கு வேறு இடமும் இல்லை.

மேலே போகிற முதல் வளைவில் ஆசிர் விசிலடித்தார். இரண்டாவதில் மூக்கை உறிஞ்சி, எவனோ காப்பி வறுக்கறான் என்றார். அதற்கப்புறம் வளைவு இல்லை, உச்சி வந்துவிட்டது. கார் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியது. முன்னால் போன ஆசிர் அந்தத் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“ஏன் புள்ள, இந்தக் குளுருல சால்வை இல்லாம நிக்கற?”

ரூபி அந்தப் பாதையிலேயே உட்கார்ந்து, மறுவீட்டு விருந்தன்று அம்மா அழுததுபோல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இப்போது வருடத்துக்கு ஒருமுறை தரங்கம்பாடி போகிறார்கள். வழியில் மாயவரம்வரை ரூபி பேசுகிறாள். திரும்பியதும் கார் நேரே சேர்வராயன் கோயிலுக்குப் போகிறது. கார்த்திக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது வருடம், கடற்கரையில் ஆசிர் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தம்மா யாரு கண்ணு, நல்ல மாதிரியாத் தெரியறாங்க என்று விசாரித்தாராம். ஹெப்சி அதை வீட்டுக்கு வந்து சொன்னாள். அதிலிருந்து ரூபி அந்தச் சனிக்கிழமைக்கு மட்டும் புதுப்புடவை கட்டுகிறாள்.