பாயில் போன அளவு

சகியுசா வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்துத் தேடிவிட்டான். அளவு ஓலையைக் காணவே காணோம்.

கிதார் மடியில் கிடந்தது. அதற்குப் புதுக் கழுத்து மாட்டியாயிற்று. வெசி என்னும் உறுதியான தீவு மரம், நாலு நாள் இழைத்தது. குறுக்கே பதிக்க வேண்டிய மெட்டுக்கம்பிகளும் தயார். சைக்கிள் போக்ஸ் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, அரம் போட்டு, தகர டப்பாவில் போட்டுவைத்திருந்தான். எந்தக் கம்பி எந்த இடத்தில் என்பதுதான் தெரியவில்லை. ஒரு நூல் தள்ளிப்போனாலும் பாட்டு நாறிவிடும். பழைய கழுத்தின் அளவையெல்லாம் ஒரு தாழை ஓலைக் கீற்றில் பேனாவால் கோடு கோடாகக் குறித்துக்கொண்ட பிறகுதான் அதைக் கழற்றிப் போட்டிருந்தான். அந்தப் பழைய கழுத்தை மச்சான் விலிகேசா நேற்றே அடுப்பில் செருகி, மரவள்ளி அவித்துத் தின்றும்விட்டான்.

நாளை மறுநாள் மகள் மெரேசெய்னியின் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் லா தீவிலிருந்து கப்பலில் வருகிறார்கள். பாட்டுக்குப் பேர்போன ஆட்கள். பெண்ணை அனுப்பும் பாட்டைத் தன் கையால் செய்த கிதாரில்தான் வாசிப்பேன் என்று சகியுசா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். இரவல் கிதாரோடு போய் உட்கார்ந்தால் மானம் கப்பலேறிவிடும்.

“மச்சான், பேசாம நீ வாயாலயே டொய்ங் டொய்ங்னு வாசிச்சிரு. உன் கிதாரைவிட நல்லாத்தான் இருக்கும்,” என்றான் விலிகேசா, வாசற்படியில் சாய்ந்தபடி.

“கழுத்தை எரிச்சவனே, உன்னைத் தூக்கி அடுப்புல வைக்கணும்டா.”

“வை மச்சான். ஆனா விறகு நீதான் பொறுக்கணும்.”

சிரித்துக்கொண்டே திரும்பியவன், தரையில் விரித்திருந்த கல்யாணப் பாயைப் பார்த்ததும் சட்டென்று குரலைத் தாழ்த்தினான்.

“உன் பொண்டாட்டிகிட்ட ஒண்ணு கேளு. பாய்ல எதுக்குப் பேனாக்கோடுன்னு. நான் அவ கூடப்பொறந்தவன், நம்ம தீவு வழக்கப்படி அவகிட்ட நேரா வாயைத் திறக்கக் கூடாது.”

மூன்று மாதம் பின்னிய பாய். ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகக் கம்பளிக் குஞ்சம். நடுவில் ஒரே ஒரு கீற்று மட்டும் நீலக் கோடுகளோடு மேலே வந்தும் கீழே முங்கியும் ஓடிக்கொண்டிருந்தது.

லைசானி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். “அடக் கடவுளே! ஒரு ஓலை குறைஞ்சுதுங்க. கூரையில செருகியிருந்ததை எடுத்துப் பின்னிட்டேன்.”

“பிரிச்சிரலாமா?”

“பிரிக்கவா? எம்மக கொண்டுபோற பாயில கைய வச்சுப் பாருங்க, தெரியும்!”

சகியுசா பாயின் மேல் மண்டியிட்டு, வெளியே தெரிந்த கோடுகளை வேறொரு ஓலையில் எடுத்தான். பன்னிரண்டு மெட்டில் ஏழு கிடைத்தது. ரம்பத்தால் கீறி ஏழையும் தட்டி இறக்கினான். மீதி ஐந்து கோடும் குறுக்கோலைக்கு அடியில் போயிருந்தன.

“சர்ச்சுல இருபது வருசமாப் பாடுறவ நான் எதுக்கு இருக்கேன்?” என்றபடி லைசானி எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். “நான் பாடுறேன். நீங்க தேடுங்க.”

ஒற்றைத் தந்தியைப் பூட்டி, அதன் அடியில் ஒரு கம்பித்துண்டை வைத்து நகர்த்தி நகர்த்தி மீட்டினான். அவள் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்தாள். கம்பி அந்தச் சுரத்தோடு சேர்ந்ததும் “அங்கதான்!” என்று விலிகேசா தொடையில் தட்டினான். அங்கே குறித்து, கீறி, இறக்கினான். இப்படியே ஐந்தில் நாலு ஆயிற்று. கல்யாணக் கவலை போன இடம் தெரியவில்லை. இவளைக் கட்டியதற்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும் என்று சகியுசாவுக்குத் தோன்றியது.

கடைசி மெட்டுக்கு லைசானி வாயெடுத்தபோது, மெரேசெய்னி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, பெட்டி கட்டியாச்சு. என் தலையணையையும் எடுத்துட்டுப் போகட்டுமா?”

லைசானி தலையாட்டினாள். பிறகு பாடினாள். சுரம் நடுங்கி, ஒரு பிடி கீழே இறங்கிற்று. விலிகேசா முகத்தைத் திருப்பி வெளியே கடலைப் பார்த்தான்.

சகியுசா கம்பியை நகர்த்தவில்லை. “அவசரமில்ல லைசானி. மூச்சு வாங்கிட்டுப் பாடு,” என்றான்.

அவள் உடுப்பின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் வாயைத் திறந்தாள். அவன் கம்பியை விரலால் அழுத்திப் பிடித்தபடி காத்திருந்தான்.