கூண்டின் மேல் ஏறிய நண்டுகள்

கிள்ளைக்குக் கிழக்கே, உப்பனாற்றங்கரை ஊரில் கோயிலில் முதல் விபூதி வைத்திலிங்கம் வீட்டுக்குத்தான். மூன்று தலைமுறையாக அப்படி. இறந்துபோன தங்கையோடு உறவு விட்டுப்போகக் கூடாதென்று, தங்கை கணவர் சின்னையனின் மகன் சேரனுக்கே தம் ஒரே மகள் மங்கலத்தைக் கட்டிக் கொடுத்திருந்தார். இரு வீட்டுக்கும் ஒரே தொழில். சதைபிடிக்காத நண்டுகளை வாங்கிக் கூண்டில் அடைத்து, ஆற்றின் அடியில் இறக்கி, தீனி போட்டுக் கொழுக்க வைத்து விற்பார்கள்.

2009 ஐப்பசி. நான்கு நாள் மழை விட்டு, காற்று அசையாத காலையில் சின்னையன் வந்து நின்றார்.

"மச்சான், அடித்தண்ணி சரியில்ல. நண்டெல்லாம் கூண்டு மேல்பக்கம் ஏறித் தொங்குது. நான் என் கூண்ட மேட்டுத் தண்ணிக்கு மாத்திட்டேன். நீங்களும் மாத்திடுங்க."

"மேல மீனு துள்ளுது மாப்ள. நண்டு மட்டும் வந்து ஒங்க காதுல சொல்லுச்சா?"

சிரித்து அனுப்பிவிட்டார். சின்னையன் பேச்சைக் கேட்டுத் தாம் கூண்டை நகர்த்துவதாவது.

மறுநாள் வைத்திலிங்கத்தின் நாற்பது கூண்டிலும் ஒரு நண்டு உயிரோடு இல்லை. சின்னையனுடையதில் ஒன்றுகூடச் சாகவில்லை. முதல் நாளே அவனுக்கு எப்படித் தெரியும்? ஆற்றில் விஷமருந்து கலந்தவனுக்குத்தானே தெரியும்?

பஞ்சாயத்தைக் கூட்டி, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். மறுத்தவன் குற்றவாளி என்பது ஊர் வழக்கம்.

"முப்பது வருஷம் ஒங்க வீட்ல சாப்ட்டிருக்கேன்," என்றார் சின்னையன். "என் வார்த்த பத்தலன்னா கற்பூரம் எதுக்கு மச்சான்?"

அவர் கையை நீட்டவேயில்லை. ஊர் அந்தக் குடும்பத்தை ஒதுக்கியது. மகளை மட்டும் வரச் சொல்லி வைத்திலிங்கம் ஆள் விட்டார். ஏழு மாதக் கர்ப்பிணியான மங்கலம் வரவில்லை. புருஷனோடும் மாமனாரோடும் கடலூர் முதுநகருக்குப் பஸ் ஏறினாள். அன்று ஊர் பார்க்க ஆற்றில் இறங்கி, உயிரோடிருக்கும் மகளுக்குத் தலை முழுகினார் வைத்திலிங்கம். கரையேறும்போது முதுகு வளையவில்லை.

மூன்று வருஷம் கழித்து, அதே ஐப்பசியில், ஆற்றுத் தண்ணீரை ஆராய வந்த ஜெயராணி என்ற பெண் அவருடைய படகை வாடகைக்கு எடுத்தாள். கயிற்றில் பாட்டிலைக் கட்டி அடித்தண்ணீரை மொண்டு, சோதித்துப் பார்த்தாள்.

"இதுல மூச்சே இல்லீங்கய்யா. மேல மழத்தண்ணி, அடியில கடத்தண்ணி. உப்புத்தண்ணி கனம், ரெண்டும் கலக்காது. காத்து கீழ எறங்காது. அடியில அழுகிக் கெடக்குற குப்ப இருக்கற மூச்சையும் தின்னுடும்."

"எப்பவும் இருக்கறதுதானம்மா?"

"இப்ப ஜாஸ்தி. கடல் மட்டம் கொஞ்சங்கொஞ்சமா ஏறுது, உப்புத்தண்ணி முன்னவிட உள்ள வந்து தங்குது. வேற காரணமும் இருக்கு, இதுவும் ஒண்ணுன்னு நெனைக்கிறோம். மொதல்ல நண்டுக்குத்தான் தெரியும். மூச்சு முட்டி மேல ஏறும்."

"மருந்து கலந்தாலும் அப்படித்தான...?"

"மருந்துன்னா மேல இருக்கற மீனும் செத்திருக்குமே."

வைத்திலிங்கம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அன்று மீன் துள்ளுகிறது என்று சொன்னது அவருடைய வாயேதான்.

மறுநாளே கடலூர் போய் விசாரித்தார். துறைமுகத்துக்குப் பின்னால் ஓட்டு வீடு. மங்கலம் கதவைத் திறந்து, "வாங்க," என்றாள். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். அப்பா என்று அழைக்கவில்லை.

"சின்னையன் மாப்ள எங்கம்மா?"

"மாமா செத்துப்போயி எட்டு மாசம் ஆவுது."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"தலை முழுவுன எடத்துக்கு எப்படிச் சொல்லி அனுப்புறது?"

அவர் ஜெயராணி சொன்னதையெல்லாம் சொன்னார். மங்கலம் நின்றபடியே முழுவதும் கேட்டாள்.

"மாமா அன்னிக்கே அதத்தான சொன்னாரு. நண்டு சொன்னாப் பத்தல, மாமா சொன்னாப் பத்தல. பாட்டில் கொண்டாந்து ஒருத்தி சொல்லணும் ஒங்களுக்கு."

"தப்புதாம்மா." அறுபத்தெட்டு வயதில் அந்தச் சொல் அவருக்குப் புதிது. "பஞ்சாயத்தக் கூட்டி நானே சொல்றேன். நீ ஊருக்கு வா."

"நீங்க தப்புன்னு சொல்றத மாமா காதால கேக்கணும்னு இருந்தாரு. படுக்கையில கெடந்தப்பவும் கிள்ளக்காரங்க யாரு வந்தாலும் எழுந்து ஒக்காருவாரு. இனிமே யாருக்காவ நான் வரணும்?"

உள்ளேயிருந்து ஓடிவந்த குழந்தை அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டது. "மெதுவா, இலக்கியா," என்றாள் மங்கலம். நெற்றி அப்படியே அவருடைய தங்கையின் நெற்றி.

"யாரும்மா இவுரு?"

மங்கலம் அவரைப் பார்த்தாள்.

"தாத்தாவோட ஊர்க்காரரு."

அவர் வாயைத் திறந்தார். மறுத்துச் சொல்ல அவருக்கு என்ன பாத்தியதை இருந்தது?

"ஆமா தாயி, ஊர்க்காரன்தான்," என்றார். "ஒங்க தாத்தா ரொம்ப நல்ல மனுசரு."

குழந்தை அவரை ஒருமுறை பார்த்துவிட்டு விளையாடப் போனது. மங்கலம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.