மூன்று பெடல்

ஹெர்னிங்கில் அந்தக் கார்க்கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். ஆராதனை முடிந்த கையோடு, தேத்தண்ணிகூடக் குடிக்க விடாமல், என் மனுசன் ஜீவரட்ணம் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஒரே மாதிரி இரண்டு கார்கள் நின்றன. ஒன்று சிவப்பு, மற்றது வெள்ளை. சின்னக் கார்கள்தான். ஆனால் மூக்கைப் பார்த்தாலே தெரியும், கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதற்குச் செய்த சாமான் இல்லை என்று. இருநூற்றெண்பது குதிரை என்றார் இவர். அவ்வளவு குதிரையும் எங்கள் ஊர் கிரின்ஸ்டெட்டில் எங்கே ஓடப்போகின்றன என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. அன்றைக்கு அவரைக் கோபப்படுத்த எனக்கு விருப்பமில்லை. சிவப்பு ஓட்டோமற்றிக், வெள்ளை கியர் போட்டு ஓடுவது. எனக்குச் சிவப்பு வேண்டும்.

நிறத்துக்காக இல்லை. எனக்கு ஓட்டோமற்றிக் லைசன்ஸ் மட்டும்தான் இருக்கிறது. இந்த நாட்டில் ஓட்டோமற்றிக்கில் சோதனை பாஸ் பண்ணினால் அதைத்தான் ஓடலாம், கியர்க் காரில் கைவைக்கக்கூடாது. இவருக்கு இடது முழங்காலை வெட்டி உலோகம் வைத்த வருசம் நாங்கள் ஓட்டோமற்றிக் கார் வாங்கினோம். "பழகி வையும், அவசரத்துக்கு உதவும்" என்று என்னைச் சாரதிப் பள்ளிக்கு அனுப்பியதும் இவர்தான். ஐம்பது தாண்டிய மனுசி, தெருவட்டத்தில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் அழுது, பெயிலாகி, திரும்பவும் போய், ஒருவழியாகப் பாஸ் பண்ணினேன். அந்த லைசன்ஸாலேயே எனக்கு நகரசபையின் வீட்டுப் பராமரிப்பு வேலையும் கிடைத்தது. இப்போது பகல் முழுக்க நகரசபையின் குட்டி மின்சாரக் காரில் வயது போன டெனிஷ்காரரின் வீடு வீடாகப் போகிறேன். பின்னேரம் அந்தக் காரின் திறப்பைக் கந்தோர் ஆணியில் கொழுவிவிட்டு வீட்டுக்கு வந்தால், ஓடுவதற்கு எங்கள் காரை விட்டால் வேறு வழியில்லை. கிரின்ஸ்டெட்டில் பஸ்ஸை நம்பி யாரும் கல்யாணத்துக்கும் போவதில்லை, செத்தவீட்டுக்கும் போவதில்லை.

நான் அந்தக் காரில் போவது ஒரே ஒரு இடத்துக்குத்தான். சில்க்போர்க்கில் என் தங்கச்சி விக்ரோரியா இருக்கிறாள். போன வருசம் மார்பில் கட்டி வந்து வெட்டி எடுத்தார்கள். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க ஏலாது. அவளுடைய மனுசனுக்கு ஞாயிறுகளில் வேலை. அதனால் ஆராதனை முடிந்ததும் நான் போய் அவளுக்குத் தலை முழுக வார்த்து, ஏதாவது கறி சமைத்துப் பெட்டிகளில் போட்டு வைத்துவிட்டு வருவேன். புதிதாக முளைத்த மயிர், கோழிக்குஞ்சுக்கு முளைப்பது போல மெத்தென்று இருக்கும். தண்ணீர் ஊற்றும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள். என் கிழமை முழுவதிலும் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

இவருக்கு அந்த வீட்டோடு கதை பேச்சு இல்லை. விக்ரோரியாவின் மகள் தபிதாவின் கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்து கார்ட் தந்து சொல்லவில்லை, ரெலிபோனில் சொன்னார்கள், அதுதான் குற்றம். தாய்க்காரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள், தகப்பன் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தார், எப்படியப்பா வந்து சொல்வது? "போனில சொன்னவுடன வாறதுக்கு நான் என்ன பீட்சாவே?" என்று கேட்டார். சபையில் பத்துப் பேர் முன்னிலையில் கேட்டதால் பிறகு இறங்கி வரவும் ஏலவில்லை. "நீர் போறதெண்டாப் போம், நான் மறிக்கேல்லை. என்னைக் கொண்டுபோய் விடச் சொல்லாதையும்" என்றார். நான் போனேன். கிழமைக்குக் கிழமை நானே காரை ஓடிக்கொண்டு போவேன் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். சொன்ன வாயால் திருப்பிச் சொல்லவும் முடியாமல், நான் திரும்பி வரும் ஞாயிறு பின்னேரங்களில் முகத்தை இஞ்சி தின்றது மாதிரி வைத்துக்கொண்டு ரீவி பார்ப்பார்.

வேலையிலிருந்து ஓய்வெடுத்ததும் புதுக் கார்ப் பைத்தியம் தொடங்கியது. யூரியூபில் கார்க்காரர் கதைப்பதைப் பார்ப்பதுதான் வேலை. பார்த்ததை எல்லாம் சபையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று மற்ற ஆம்பிளைகளுக்குப் பிரசங்கம் பண்ணுவார். "இப்பத்தைய ஓட்டோமற்றிக் மனுசன்ர கையை விட வேகமா கியர் மாத்தும். கியர்க் கார் எண்டுறது இனி மியூசியத்துக்குத்தான்" என்று அவர் சொன்னதை நானே எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டு உள்ளுக்குள் சந்தோசப்பட்ட விசரியும் நான்தான்.

கடைப் பெடியன் முதலில் சிவப்பை வெளியே எடுத்துத் தந்தான். நானும் பக்கத்தில் ஏறினேன். பெருந்தெருவில் இவர் வேகப் பெடலை அமத்தியபோது என் முதுகு சீற்றோடு ஒட்டிக்கொண்டது. "ஏய்! பாரும், பாரும்!" என்று குழந்தைப்பிள்ளை மாதிரிக் கத்தினார். இடது கால் சும்மா கிடந்தது, முழங்காலுக்கு ஒரு வேலையும் இல்லை. கல்யாணமான புதிதில்தான் அப்படிச் சிரித்துப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பி வரும்போது அவரே சொன்னார்: "சோக்கான சாமான். இதை ஓடுறதுக்குக் காலே தேவையில்லை. ஆரும் ஓடலாம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

பிறகு வெள்ளையையும் ஓடிப் பார்க்க வேண்டும் என்றார். நான் ஏறவில்லை, வெளியே நின்று பார்த்தேன். வாசலில் ஒருதரம் நின்றுபோய்த் துள்ளிக் கிளம்பியது. கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். நெற்றியில் வேர்வை. இடது காலை நிலத்தில் ஊன்றவில்லை. முப்பது வருசம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தக் காலின் நோவு தெரியாதா? குளிர் நாட்களில் தைலம் போட்டுத் தேய்த்து விடுகிற கை இதுதானே.

பெடியன் என் பக்கம் திரும்பி, டெனிஷில், "நீங்களும் ஓட்டுவீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"ஓட்டுவேன். எனக்கு ஓட்டோமற்றிக் லைசன்ஸ் மட்டும்தான்" என்றேன்.

"அப்படியென்றால் யோசிக்கவே தேவையில்லை, சிவப்புத்தான்" என்றான் அவன். பாவம், நல்ல பிள்ளை.

இவர் அவனுடைய தோளில் தட்டினார். அவவுக்கு ஓடத் தேவையில்லை, அவவுக்கு நான் இருக்கிறேன் என்று உடைந்த டெனிஷில் சொன்னார். வெள்ளையைக் காட்டினார். கியரில் ஒரு பீலிங் இருக்கிறதாம்.

பெடியன் பத்திரங்களை எடுக்க உள்ளே போனதும் கேட்டேன். "இஞ்சேருங்கோ, உந்தக் காலோட தினம் கிளச் மிதிக்கப் போறியளே?"

"என்ர கால். நான் பாத்துக்கொள்ளுவன்."

"அப்ப நான் எப்பிடி அவளிட்டைப் போறது?"

"போக வேண்டாமெண்டு நான் ஒருநாளாவது சொன்னனானே? சொல்லும் பாப்பம். சொன்னனானே?"

சொல்லவில்லைதான். சொல்லத் தேவையுமில்லை, காரை மாற்றினால் போதும். கத்தி அழுதிருக்கலாம், அந்தப் பளபளப்பான தரையில் செருப்பைக் கழற்றி எறிந்திருக்கலாம். நான் கொப்பனேகனில் இருக்கிற மகன் ஜோனாஸுக்குப் போன் அடித்தேன். அவன் டெனிஷில், அது அப்பாவின் கனவம்மா, விட்டுவிடுங்கள் என்றான். எந்தக் காரைக் கனவு கண்டவர் என்று அவனுக்கு எங்கே தெரியும்!

பழைய காரைக் கடையே எடுத்துக்கொண்டது. அதற்கு இரண்டு திறப்பையும் கொடுக்க வேண்டுமாம். இவர் தன்னுடையதை மேசையில் வைத்தார். என்னுடையது வீட்டுத் திறப்போடும் வேலையிடத்து அட்டையோடும் ஒரே வளையத்தில் கிடந்தது. வளையம் இறுக்கம், நகம் போகவில்லை. பெடியன் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை, நகம் உடைந்தாலும் நானே கழற்றினேன்.

வெள்ளைக் காரின் சீற் தரையோடு தரையாக இருந்தது. இவர் முதலில் வலது காலை உள்ளே வைத்து உட்கார்ந்தார். பிறகு இடது காலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார். நான் முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுசன் தன் பெண்சாதியை வீட்டில் இருத்துவதற்கு அந்த அளவு நோவைத் தாங்குவான் என்று அன்றைக்கு முன்னம் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

நகர எல்லையில் வீதி வேலை. சிவப்பு விளக்கில் பெரிய வரிசை, நாங்கள் முன்னுக்கு நின்றோம். நேரே போனால் சில்க்போர்க் என்று பலகை காட்டியது. வலது பக்கம் திரும்பினால் வீடு. இவர் கியரை நியூற்றலுக்கு மாற்றாமல் கிளச்சை மிதித்தபடியே நின்றார். தொடை நடுங்குவது காற்சட்டைக்கு மேலாலேயே தெரிந்தது.

மடியில் போன் அடித்தது. விக்ரோரியா.

"எடுமன்" என்றார், வலு அன்பாக. "புதுக் கார் எடுத்தாச்சு எண்டு சொல்லும்."

எடுத்தேன். சின்னக் கார், அவள் கதைப்பது எல்லாம் இவருக்கும் கேட்டது.

"அக்கா, வெளிக்கிட்டிட்டியளே? தண்ணி சுடவைக்கட்டே?"

"இல்லையடி. இண்டைக்கு வரேல்லை. கார் மாத்தியாச்சு."

"மெய்யே! அத்தான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்த காரே? ஓட்டோமற்றிக் தானே அக்கா?"

"இல்லை. கியர்."

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழட்டும், இந்த மனுசன் கேட்கட்டும் என்றும் நினைத்தேன்.

"ஐயோ அக்கா" என்றாள். "உந்தக் காலோட அத்தான் எப்பிடிக் கிளச் மிதிப்பார்? அவருக்கு நோகாதே?"

விளக்குப் பச்சையானது. இவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கார் அசையவில்லை. இந்த ஊரில் யாரும் ஹோர்ன் அடிக்கமாட்டார்கள், பின்னால் நின்றவர்கள் பேசாமல் நின்றார்கள். "அக்கா? லைனில நிக்கிறியளே?" என்று போன் கேட்டது. மஞ்சள் வந்தது, திரும்பவும் சிவப்பு வந்தது. கிளச்சில் அந்தக் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது.