சத்தம் அதிகம்

வயலின்காரனுக்கு அன்று காலை வந்த கோபம், சாதாரண மனிதனுக்கு ஒரு வருடத்துக்குப் போதுமானது. இசைக்குழுவின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளை மூன்று முறை படித்தான். மூன்று முறையும் அது அதையே சொன்னது: முன்வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் வாசிக்கும் பெண்மணி, சில மாதங்களாகத் தேவைக்கு அதிகமான சத்தத்தில் வாசிப்பதால், மாதக் கடைசியோடு நீக்கப்படுகிறார்.

பதினோரு வருடமாக அவனோடு ஒரே இசைக்குறிப்புத் தாளைப் பார்த்து வாசிப்பவள். குழுவில் எல்லோருக்கும் அக்கா. அவள் ஏன் சத்தமாக வாசித்தாள் என்பது அந்தக் கட்டடத்தில் நிர்வாகியைத் தவிர எல்லோருக்கும் தெரியும், வாசல் காவலாளி உட்பட.

ஆறு மாதத்துக்கு முன்பு இவனுடைய இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போயின. நரம்பு நசுங்கியிருக்கிறது, கம்பியை அழுத்தவே கூடாது என்றார் டாக்டர். முப்பது நாள் வாசிக்காதவனுக்கு வேலை இல்லை என்றது விதிமுறை. வீட்டில் மனைவி நிறைமாதம்.

குழு கூடிப் பேசியது. பேசியது என்ன, இவனைத் திட்டித் தீர்த்தது. கை வலியை இத்தனை நாள் மறைத்ததற்காகப் புல்லாங்குழல்காரர் கத்து கத்தென்று கத்திவிட்டு, மறுநாளிலிருந்து தன் வண்டியிலேயே சிகிச்சைக்குக் கூட்டிப்போனார். ட்ரம்ஸ்காரன் இவனுடைய வில்லின் முடியில் குளியல் சோப்பைத் தேய்த்துக் கொடுத்தான். சோப்பு பூசிய வில் கம்பியில் வழுக்கும், சத்தமே வராது. இவன் கண்ணை மூடி, உருகி உருகி வில்லை இழுப்பான். அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்து வாசிப்பாள்.

போன மாதம் நிர்வாகி இவனை அழைத்துப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். 'மென்மையான நாதத்துக்காக' என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார்.

விரல் சரியாகிப் பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் இந்தத் தாள்.

ஓய்வறையில் அக்கா தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். நிர்வாகியிடம் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போவதாக இவன் குதித்தான்.

"உடையேன். உனக்கு, எனக்கு, அந்த ட்ரம்ஸ் கழுதைக்கு, எல்லாருக்கும் ஒரே நாள்ல சீட்டு கிழியும். கைக்குழந்தைய வச்சுக்கிட்டு வீரம் பேசாத, போடா."

அவள் சொன்னது சரிதான். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. அந்தச் சூட்டோடு நிர்வாகியின் அறைக்குள் நுழைந்தான்.

வில்லில் சோப்பைத் தேய்த்தது தான்தான், ஆறு மாதமாக வாசிக்கவே இல்லை, தன் சத்தம் இல்லாததால்தான் பக்கத்துச் சத்தம் தூக்கலாகக் கேட்டது என்று மூச்சுவிடாமல் சொன்னான். நிர்வாகி கண்ணாடியைக் கழற்றினார். இதற்கு யார் யார் உடந்தை என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார். ஒருத்தர்கூட எனக்கு எந்த உதவியும் செய்யல."

எழுதிக் கொடு என்றார். எழுதினான். வாழ்க்கையில் அவன் எழுதிய மிகக் கேவலமான பொய் அது. பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல இருந்தது.

நிர்வாகி வெகுநேரம் யோசித்தார். ஊமை வயலினுக்குப் பத்திரம் கொடுத்தவர் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் யோசித்திருக்க வேண்டும். கடைசியில், அக்காவின் நீக்கம் ரத்து, இவனுக்கு ஒரு வருடம் கடைசி வரிசை, பத்திரத்தைச் சத்தமில்லாமல் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று முடிவானது.

ஒத்திகை அறையில் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"ஆறு மாசமா என் தோள்பட்டை கழண்டு கெடக்கு. ஒருத்தரும் உதவலையா?"

"ஒருத்தரும் இல்ல."

"கையெழுத்தும் போட்டியா?"

"போட்டேன்."

முறைத்தாள். பிறகு முன்வரிசையிலிருந்த அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசையைப் பார்த்து நடந்தாள். வயலினை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நிர்வாகியின் ஏழு தலைமுறையையும் திட்டியபடி அவன் அவள் பின்னால் போனான்.