பூஜைக்கு நிறுத்திய பெட்டி

...முளைத்திருக்கும், ஏன் முளைக்காது, உப்பளச் சேற்றில் உப்பையும் வெயிலையும் குடித்துக்கொண்டு கிடந்த கிருமிதானே, குளிர்பெட்டி நின்றுபோனதற்கா செத்துவிடும், இந்நேரம் தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வைத்திருக்கும், லேபுக்குப் போனதும் இன்குபேட்டரைத் திறந்து பார்த்தால் போதும், அப்புறம் யாரும் யாரையும் எதுவும் கேட்கப்போவதில்லை... கம்பெனி வேன் மரக்காணத்தை விட்டுத் திண்டிவனம் ரோட்டில் ஏறியதிலிருந்து துர்கா இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் காலையில் அம்மா வைத்த இட்லி தொடாமல் அப்படியே கிடந்தது. நேற்றுச் சாயங்காலம் எட்டிப் பார்த்தபோது தட்டில் ஒன்றுமில்லை. அதனால் என்ன, இது சோம்பேறிக் கிருமி, முதன்முதலில் பிடித்தபோதும் இப்படித்தான் போக்குக் காட்டியது, இருக்கிறதா இல்லையா என்று ஆளைக் கொன்று எடுத்துவிட்டுத்தான் முளைத்தது... முளைத்திருந்தால் கம்பெனி இருக்கும். இல்லையென்றால்? இறால் குட்டையில் நோய் வராமல் காக்கும் பொடி, நம் மண்ணிலிருந்தே எடுத்த பொடி என்று வருஷக்கணக்காக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று, அந்தப் பொடிக்கு விதையே இந்தக் கிருமிதான், விதையைத் தொலைத்துவிட்டு எதை விதைப்பது, எதை விற்பது.

எல்லாம் அந்த ஆயுத பூஜையால் வந்த வினை. சீ, பூஜையைச் சொல்லி என்ன பயன், அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள் எல்லோரும், கலக்குகிற தொட்டி, உலர்த்துகிற மெஷின், மைக்ராஸ்கோப் வரைக்கும் துடைத்து சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை தின்றுகொண்டே சுற்றினார்கள். பூஜை போட்ட பொருளை அன்றைக்குத் தொடக்கூடாது, வருஷமெல்லாம் உழைத்ததற்கு ஒருநாள் ஓய்வு, குப்பத்தில் அப்பாவும் போட் இன்ஜினுக்குப் பொட்டு வைத்துவிட்டால் மறுநாள்வரை கயிற்றைக்கூட இழுக்க மாட்டார். அந்த மாதிரிதான் யாரோ டீப் ஃப்ரீசருக்கும் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். மைனஸ் எண்பதில் உறைந்து கிடக்கவேண்டிய தாய்க்கிருமிக் குப்பிகள் அத்தனையும் விஜயதசமி, சனி, ஞாயிறு என்று விடுமுறை முழுக்க வியர்த்து உருகி நாறிப்போயின. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்துத் தட்டுகளில் தடவி வைத்ததுதான் மிச்சமிருக்கும் நம்பிக்கை. ஒரு செட்டை வேறு இடத்துக்கு அனுப்பி வைக்கணும், அனுப்பி வைக்கணும் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள், அந்த செட்டும் அதே பெட்டியின் கீழ்த்தட்டில்தான் இருந்தது. யாரோ என்ன யாரோ... திங்கட்கிழமை முதலில் உள்ளே போனவள் துர்காதான், ஃப்ரீசரின் சுவர் சுவிட்ச் அணைந்திருந்தது, அதன்மேல் சந்தனம், மூன்று விரல் அகலத்துக்கு இழுத்து நடுவில் மட்டும் குங்குமம். அப்படி வைக்கிற கை ஒன்றுதான் அந்தக் கட்டிடத்தில் உண்டு. அது கூட்டிப் பெருக்கும் கிளியம்மாள் அத்தையின் கை. யாரும் வருவதற்குள் ஸ்பிரிட் பஞ்சால் துர்கா அதைத் துடைத்துவிட்டாள், துடைத்த பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட்டாள்.

அந்த அத்தைதான் இப்போது பக்கத்து சீட்டில் முந்தானையைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வருகிறாள், பாவம், ஒன்றும் தெரியாது அவளுக்கு. அப்பா சக்கரபாணியோடு ஒரே போட்டில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவள் புருஷன், இன்றைக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாராவாரம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிற மனுஷன். துர்காதான் சார் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அத்தையை வேலைக்குச் சேர்த்தாள். கோகுலகிருஷ்ணன் சார் நல்லவர்தான், விழுப்புரத்துக்காரர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து இங்கேதான் கம்பெனி வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர், நம்ம ஊர் பசங்க பையைத் தூக்கிக்கொண்டு ஹைதராபாத்துக்கு ஓடக்கூடாது என்று மேடைக்கு மேடை சொன்னவர். மற்ற கம்பெனிகளும் வரிசையாக வரும் என்றார்கள், தொழிற்பேட்டையில் வேலி போட்ட மனைகளில் வேலிகாத்தான் முள்தான் வந்தது. பணம் போட்ட சென்னைக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே முகம் சுளித்தார்கள், லோக்கல் ஆட்களுக்கு இதெல்லாம் புரியாது, லேபுக்குள் விடாதீர்கள் என்று. அன்றைக்கு துர்காவுக்குச் சுருக்கென்றது, உப்பளத்தில் முழங்கால் சேற்றில் இறங்கி அந்தக் கிருமியைப் பிடித்து வந்தவளே லோக்கல்தானே என்று கேட்டாள், சார் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். இப்போது? சந்தனம் வைத்து சுவிட்சை அணைத்தார்களாம் என்று அவர்கள் வாயில் விழுந்தால் அந்தக் கதை ஆயுசுக்கும் போகாது. கிருமியை மறுபடி பிடிக்கச் சேற்றில் இறங்கலாம் என்றால் அந்த உப்பளப் பாத்தியே இல்லை, மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டான் எவனோ.

பிரம்மதேசம் நிறுத்தத்தில் இரண்டு பேர் ஏறினார்கள், வேன் மறுபடி குலுங்கியது. தமிழ்மணி இந்த வேனில் வருவதில்லை, வளவனூரிலிருந்து பைக்கில் வருகிற எலக்ட்ரீஷியன், பூஜையன்று கடைசியாகச் சுற்றிவந்து வாசல் கதவைப் பூட்டியவர் அவர்தான், ஃப்ரீசரின் அலாரம் பேட்டரி செத்துக் கிடந்ததும் அவர் கணக்கில்தான் விழும். நேற்று வராண்டாவில் வழிமறித்து, “மேடம், சத்தியமா நான் அந்த ரூம் பக்கமே போவல, நீங்களாச்சும் சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க” என்றார்.  என்ன சொல்ல முடியும்? இவரைக் காப்பாற்றினால் அத்தை போவாள், அத்தையைக் காப்பாற்றினால் இவர் போவார்... கடவுளே, இந்தப் பாழாய்ப்போன தராசை ஏன் என் கையில் கொடுத்தாய், அவளா இவரா என்று நான் யார் தீர்ப்புச் சொல்ல? ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில் இதமாகவும் இருந்தது, ஊருக்குத் தெரியாமல் ஒரு ஏழையைச் சிறகுக்குள் வைத்துக் காக்கிறோம் என்கிற இதம், வெட்கமாக இருந்தாலும் அது இருந்தது.

“இன்னா கண்ணு, ஒரு மாரியா கீற? சாப்புடலியா?”

“சாப்ட்டேன் அத்தே.”

“அந்தப் பொட்டி விசயந்தான?” கிளியம்மாள் டிரைவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நான்தான் நிறுத்தினேன்னு ஒனக்குத் தெரியும். குங்குமத்தத் தொடச்சி வச்சிக்கிற, அடுத்த நாளு பாத்தேன். நீ அதயே நெனச்சிக்கினு ஒடம்பக் கெடுத்துக்காத. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“நீங்க எதுக்கு அத்தே சொல்லப் போறீங்க? நான்தான் சொல்ல மாட்டேன்னு...”

“அது இல்ல கண்ணு. ஒன்னக் கேட்டுக்கினுதான நிறுத்தினேன். இதுக்கும் ரெஸ்டு குடுத்துடலாமான்னேன், நீ போன்ல பேசிக்கினு இருந்த, என்னப் பாத்துத் தலைய ஆட்டின. அத சொல்ல மாட்டேன்னேன். எங்க ஊட்டுக்காரு மேல சத்தியம்.” துர்காவின் முழங்காலில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதியில் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தலையை ஆட்டினேனா... நானா? பொய், பயத்தில் சொல்கிறாள், பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறாள்... இல்லை, பொய் சொல்கிறவள் ஏன் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்கிறாள்? போன் வந்தது உண்மை, அம்மாதான், இரும்பை ஊரிலிருந்து ஒரு வரன், பையன் புதுச்சேரியில் வேலை, சனிக்கிழமை வரச் சொல்லட்டுமா என்று... கற்பூர வாசனை ஞாபகம் இருக்கிறது, பல்லில் சிக்கிய பொரிகடலை ஞாபகம் இருக்கிறது, அம்மா மூச்சுவிடாமல் பேசியது ஞாபகம் இருக்கிறது, எதிரில் அத்தை வந்து நின்றாளா? சந்தனக் கிண்ணத்தோடா? அந்த இடம் மட்டும் துடைத்து வைத்ததுபோல இருக்கிறதே. எப்படி ஆட்டியிருப்பேன், அந்தப் பெட்டியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அந்தக் கட்டிடத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் நான்தானே... அப்படியானால் இத்தனை நாளும் அத்தை பேசாமல் இருந்தது ஒன்றும் தெரியாததால் இல்லை. நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். துர்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவமானமா கோபமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. திண்டிவனம் பாலம் வந்ததும் போனதும் தெரியவில்லை.

இன்குபேட்டரைத் திறந்தால் தட்டுகளில் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தாள், கழுவி வைத்த கண்ணாடிபோல ஒரு புள்ளி இல்லாமல் பளிச்சென்று இருந்தன. கடைசித் தட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்து கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள், தட்டில் பட்ட கீறல் அது. கோகுலகிருஷ்ணன் சார் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. “இல்லையா?” என்றார். “இல்ல சார்.” அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார், இந்த நான்கைந்து நாளில் ஆள் பாதியாகிப் போயிருந்தார். சென்னையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், காரணம் கேட்கிறார்கள், காரணம் சொன்னால் இன்னொரு தடவை வாய்ப்புக் கொடுத்தாலும் கொடுப்பார்கள், ஒரு பெயராவது சொல்லியாக வேண்டும்... அவர் பேசிக்கொண்டே போனார். துர்கா வெறுந்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன் என்றால் அத்தை அந்தப் பக்கமிருந்துதான் வந்திருக்க வேண்டும், அப்போது போன் எந்தக் காதில் இருந்தது, அம்மாவுக்கு ‘ம்’ கொட்டினேனே, அந்த ‘ம்’மோடு சேர்ந்து தலையும்... “தமிழ்மணிதான் கடைசியா பூட்டினது. அலாரமும் அவர் பொறுப்புதான். அப்படியே சொல்லி முடிச்சிடலாமா துர்கா?”

“சரி, அப்போ சொல்லிட்றேன்” என்று அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்த பிறகுதான், தன் தலை ஆடியிருப்பது துர்காவுக்குத் தெரிந்தது. கழுத்தில் அந்த அசைவு இன்னும் மிச்சமிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வராண்டாவில் ஏணிமேல் நின்று தமிழ்மணி ட்யூப்லைட் மாற்றிக்கொண்டிருந்தார், சார் அவரைத் தாண்டிப் போகும்போது இறங்கி ஏணியைக் கொஞ்சம் ஒதுக்கி வழிவிட்டார். கூப்பிட்டால் இரண்டு பேருக்குமே கேட்கும் தூரம்தான், வாயைத் திறந்தால் போதும்...