கப்சிப் வாத்தியாரின் பால்கனி

வாசலில் பொறியியல் கல்வி பற்றிய சர்வதேச மாநாடு என்று பெரிய பதாகை. அதன் கீழே கழுத்தில் அட்டை தொங்க நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் காபி எங்கே கிடைக்கும் என்றுதான் தேடிக்கொண்டிருந்தார்கள். மாநாடு என்றால் அப்படித்தான். அவள் வந்தது காபிக்கும் இல்லை, கல்விக்கும் இல்லை. போன வருஷம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த அவளுடைய கணவர் இன்று மேடையில் பாடம் எடுக்கப் போகிறார். அதைக் கேட்க வந்திருந்தாள்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அவர் கட்டடப் பொறியியல் சொல்லிக்கொடுத்த வாத்தியார். அவருடைய தம்பி கணினித் துறைக்காரன். அண்ணன் வகுப்பில் பேசிய பேச்சின் ஒலிப்பதிவுகளை எல்லாம் வாரிக்கட்டி ஒரு மிஷினுக்குள் கொட்டி, அதைப் பேச வைத்துவிட்டான். கேட்டதற்குப் பதில் சொல்லும். அதே குரல், அதே தொண்டைச் செருமல். இன்று இங்கே அறிமுகம், அப்புறம் ஊர் ஊராகக் கல்லூரிகளுக்கு அனுப்பப் போகிறார்கள். அதற்குக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் குடும்பம் என்றால் அவள் ஒருத்திதான்.

"பாடம் முடிஞ்சதும் மேடைக்கு வந்து, எனக்குச் சம்மதம்னு ரெண்டே வார்த்தை சொல்லுங்க அண்ணி. பயப்படாதீங்க," என்றான் கொழுந்தன்.

"ஆத்துப் பாலத்து மேல நின்னு வேலை வாங்குறவ நான். எனக்கென்ன பயம் தம்பி?"

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் பயம் இருந்தது, ஆனால் மேடையைப் பற்றி இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் அவன் ஒரு சின்னப் பேசும் பெட்டியைக் கொண்டுவந்து, "வெள்ளோட்டம் பாருங்க அண்ணி," என்று கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே வந்து பொத்தானை அழுத்தினால் அது கேட்கும்: "வந்துட்டியா?"

"வந்துட்டேன்," என்பாள் அவள்.

வகுப்புக்குத் தாமதமாக வரும் பிள்ளைகளிடம் அவர் கேட்கிற கேள்வி அது. அங்கிருந்து வந்த சொல்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தால் என்ன? அந்த இரண்டு வார்த்தைக்காக ஆபீஸ் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு ஓடிவர ஆரம்பித்தாள். சம்மதம் கிடைக்காவிட்டால் மிஷினை மூடிவிடுவார்கள், பெட்டியும் ஊமையாகிவிடும் என்று கொழுந்தன் முன்பே சொல்லியிருந்தான். எல்லாம் ஒரே மிஷின். அதனால் அவள் சம்மதம் சொல்லத்தான் வந்திருந்தாள், அதில் சந்தேகமே வேண்டாம்.

அரங்கத்தில் விளக்கு மங்கியது. மேடையில் ஆளில்லாத ஒரு மேசை, அதன்மேல் மட்டும் வெளிச்சம். பக்கத்துக் கண்ணாடி அறையில் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்க, வெளிநாட்டு விருந்தாளிகள் எல்லோரும் காதில் கருவியை மாட்டிக்கொண்டார்கள். தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அதே செருமல்.

"எல்லாரும் வந்தாச்சா? சரி, இன்னிக்கு பால்கனி. சுவத்துல இருந்து வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. மேல ஆளுங்க வந்து நிப்பாங்க. கான்கிரீட்டை நசுக்கினா தாங்கும், இழுத்தா விட்டுடும். அதுக்குத்தான் உள்ள கம்பி வைக்கிறோம். எங்க வைக்கிறோம்?" திரையில் பால்கனிப் படம் தானாக வரைந்துகொண்டு வந்தது. "அடியில வைக்கிறோம்."

படத்தின் அடிப்பக்கமாக ஒரு சிவப்புக் கோடு ஓடியது. பிறகு குரல் நின்றுவிட்டது. டொக், டொக் என்று மேசையில் சாக்பீஸைத் தட்டும் சத்தம் மட்டும் வந்தது. மேசையில் சாக்பீஸும் இல்லை, கையும் இல்லை.

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். அட கடவுளே, அது தப்பு! பால்கனி பாரத்தில் கீழ்நோக்கி வளையும்போது இழுபடுவது மேல்பக்கம். கம்பி மேலேதான் வரவேண்டும். அடியில் போட்டால் போடாததற்குச் சமம். என்றைக்காவது நாலு பேர் அதில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது அடியோடு முறிந்து விழும்.

அவர் வேண்டுமென்றே செய்கிற தப்பு அது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தப்பைப் போட்டுவிட்டு, சாக்பீஸைத் தட்டிக்கொண்டு வாயே திறக்காமல் நிற்பார். அதனால்தான் பிள்ளைகள் அவருக்குக் கப்சிப் வாத்தியார் என்று பேர் வைத்தார்கள். யாராவது கண்டுபிடித்துவிட்டால், "அப்பாடா! இனி நான் வீட்டுக்குப் போகலாம்," என்று சொல்லி, சாக்பீஸைக் கண்டுபிடித்தவர் கையிலேயே கொடுத்துவிடுவார். திருத்தி விளக்குவது அந்தப் பிள்ளையின் வேலை. யாரும் கண்டுபிடிக்காவிட்டால், "சரி, நாளைக்குப் பார்க்கலாம்," என்று வெளியே போவார். ஆனால் வீட்டுக்குப் போகமாட்டார். யாராவது ஒருவர் தப்பைப் பிடித்துக்கொண்டு வரும்வரை வராந்தாவில் கால்கடுக்க நிற்பார். அந்த நாட்களில் அவள் போன் செய்தால், "இன்னும் ஒருத்தனும் வரல. நீ முன்னாடி போ, நான் வந்துடறேன்," என்பார்.

அவளுக்கும் அவருக்கும் பழக்கம் ஆரம்பித்ததே இந்தப் பால்கனியில்தான். பாலத்துக்கான கான்கிரீட்டைச் சோதித்துப் பார்க்கக் கல்லூரிக்கு வந்தவள், போகிற போக்கில் ஜன்னல் வழியாகப் பலகையைப் பார்த்துவிட்டு, "ஏங்க, கம்பி மேலதானே வரணும்?" என்று கேட்டாள். "அப்பாடா!" என்று ஜன்னல் கம்பிக்கு இடையில் சாக்பீஸை நீட்டினார் மனிதர். வகுப்பே சிரித்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் திருத்திச் சொன்னதை எல்லாம் கொழுந்தன் பின்வரிசை இரைச்சல் என்று துடைத்துப் போட்டிருப்பான். வராந்தாவில் ஒலிப்பதிவுக் கருவியே கிடையாது. அவர் பேசியதும், அவர் போட்ட தப்பும், அந்த மௌனமும் மிஷினுக்குள் போயிருக்கின்றன, திருத்தம் மட்டும் போகவில்லை.

அவள் சுற்றிலும் பார்த்தாள். அத்தனை பேரும் பொறியியல் சொல்லிக்கொடுக்கிறவர்கள், ஒருத்தர் வாய் திறந்தால் போதும். ஆனால் விருந்தாளி மரியாதை வாயைக் கட்டிப்போட்டிருந்தது. பக்கத்து இருக்கை நரைத்தலைப் பேராசிரியர் படத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். அப்புறம் தன் காதுக் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு, கோளாறு உன்னுடையதுதான் என்பதுபோல் மொழிபெயர்ப்பாளரை முறைத்தார். அந்த ஆள் பாவம், நான் என்ன செய்ய என்று கையை விரித்தார். மேடை ஓரத்தில் கொழுந்தன் தலைகால் புரியாத சந்தோஷத்தில் நின்றான். கம்பி மேலா கீழா என்று அவனுக்கு என்ன தெரியும்?

டொக், டொக்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். இப்போது வாயைத் திறந்தால் தப்பு வெளியே தெரிந்து மிஷினை மூடிவிடுவார்கள். நாளைச் சாயங்காலம் வீட்டில் யார் கேட்பார்கள், வந்துட்டியா என்று? அந்த இருட்டு வீட்டுக்குள் ஒருத்தியாகப் போய் நிற்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. எங்கோ முன்பின் தெரியாத ஊரில் எவனோ கட்டப்போகிற பால்கனி. தனக்கென்ன வந்தது?

"யாருமே இல்லையா?" என்றது குரல்.

வகுப்பில் எப்போதும் கேட்பதுதான். ஆனாலும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அடுத்து அது என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லும். இந்த மிஷினுக்கு ஏது நாளை? இதற்கு ஏது வராந்தா? ஊர் ஊராகத் தப்பைப் போட்டுவிட்டு, வராத ஒரு ஆளுக்காக இந்த மனுஷன் நின்றுகொண்டே இருப்பார். வீட்டுக்குப் போகவே முடியாது.

"சரி, நா…" என்று குரல் ஆரம்பித்தது.

அவள் எழுந்துவிட்டாள். "ஏங்க! கம்பி மேலதானே வரணும்?"

ஆற்றின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரைக்குக் கத்திப் பழகிய தொண்டை. ஒலிபெருக்கியே வேண்டியிருக்கவில்லை. சாக்பீஸ் சத்தம் சட்டென்று நின்றது.

"அப்பாடா!" என்றது அந்தக் குரல். அவள் இத்தனை நாள் பெட்டியில் கேட்காத குரல். ஜன்னலில் கேட்ட குரல். "இனி நான் வீட்டுக்குப் போகலாம்."

சாக்பீஸை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. விருந்தாளிகள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று எண்ணிக்கொண்டு எழுந்து நின்று கை தட்டினார்கள். நரைத்தலைப் பேராசிரியர் தான் நினைத்தது சரி என்று தலையை ஆட்டி ஆட்டித் தட்டினார்.

கொழுந்தன் வெளுத்த முகத்தோடு இறங்கி ஓடிவந்தான். "அண்ணி, இந்த வார்த்தைய இது இதுவரைக்கும் சொன்னதே இல்ல. எத்தனை தடவை சோதிச்சோம்!"

"நீங்க யாரும் தப்பைப் பிடிக்கலையே தம்பி."

"தப்பா? அப்போ எல்லாப் பாடத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான். பாடத்துக்கு ஒண்ணு."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "சரி பண்ணிடறேன் அண்ணி. தப்பெல்லாம் எடுத்துடறேன். நடுவுல பேசாம இருக்குறதையும் வெட்டிடறேன்."

"அதையெல்லாம் வெட்டிட்டா மிச்சம் இருக்கிறது யாரு?"

மேடையில் அவளுக்காக ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "எனக்குச் சம்மதம் இல்ல தம்பி. மூடிடு."

"எனக்கும் அவர் அண்ணன்தானே அண்ணி," என்றான். அத்தனை பேர் நடுவில் சின்னப் பிள்ளைபோல் அழுதான். அவள் அவன் முதுகில் கை வைத்தாள். அவளுக்கும் அழுகைதான் வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை.

கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்து அவனிடம் நீட்டினாள். நீட்டும்போது விரல் பட்டுப் பொத்தான் அழுந்திவிட்டது.

"வந்துட்டியா?" என்றது பெட்டி.

கொழுந்தன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். அவள் பெட்டியை முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள்.

"இல்லங்க," என்றாள். "நீங்க முன்னாடி போங்க. நான் வந்துடறேன்."

பெட்டியை அணைத்து அவன் கையில் வைத்தாள்.