அறுநூற்றைம்பதைத் தாண்டாத மனிதர்

டி.வி.எஸ். 50-இல் முன்னால் இட்லிக் குண்டானும் பின்னால் சாம்பார் வாளியும் கட்டிக்கொண்டு வந்த ராஜம்மா, ஒரகடம் ரோட்டில் எங்கள் லாரியை முந்திப் போனாள். போனவள் சும்மா போயிருக்கலாம். வேகத்தைக் குறைத்து என் ஜன்னலை ஒட்டி வந்து, "இன்னா மேரி, வண்டி ரிப்பேரா? தள்றதுக்கு ஆள் அனுப்பட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு மானம் போயிற்று. மடியில் என் மகள் ஷாலின் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். லோடு ஒரகடம்தானே போகிறது, வழியில் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுகிறேன் என்று சொன்ன மனிதரை நம்பி ஏறியது என் தப்பு.

"குழந்தைக்கு உடம்பு கொதிக்குது. கொஞ்சம் மிதிங்களேன்."

"மிதிச்சா ஏறிடும் மேரி" என்றார் என் வீட்டுக்காரர் இருதயசாமி. கண் ரோட்டில் பாதி, மீட்டரில் பாதி.

அந்த மீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி ஃபிரடி, அமெரிக்காவில் ஏதோ துறைமுகத்தில் இறங்கியபோது வாங்கி வந்தது. எல்லார் தம்பியும் அக்காவுக்கு சென்ட்டு வாங்கி வருவான், சாக்லேட் வாங்கி வருவான். இவன் மச்சானுக்கு லாரிப் புகையின் சூட்டை அளக்கிற மீட்டர் வாங்கி வந்தான். காரணம் இருந்தது. எங்கள் வண்டி, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ வைத்தது. அந்தச் சனியன் பிடித்த டர்போ ஒரே வருஷத்தில் இரண்டு தடவை வெந்துபோய்விட்டது. மெக்கானிக் நரசிம்மன் இன்ஜினிலிருந்து புகை வெளியே வருகிற குழாயில் ஓட்டை போட்டு, கம்பி மாதிரி ஒன்றைச் செருகி, டேஷ்போர்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மீட்டரைப் பொருத்தினார். "இருதயம், அறநூத்தம்பது டிகிரி வரைக்கும் டர்போ தாங்கும். அதுக்கு மேல போச்சுன்னா என்னாண்ட வராத" என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து இந்த மனிதருக்கு அறுநூற்றைம்பதுதான் பத்துக் கட்டளையும். பிள்ளைப்பாக்கத்தில் இரும்பு உருக்கி வார்க்கிற ஃபவுண்டரியில் பிரேக் டிரம் ஏற்றிக்கொண்டு ஒரகடம் கம்பெனிக்குப் போக வேண்டும். லோடு வண்டியில் கொஞ்சம் மிதித்தாலே முள் எழுநூறு, எண்ணூறு என்று பாயும். இவர் பதறிப்போய்க் காலை எடுப்பார். அறுநூற்றைம்பதுக்குள் ஓட்டினால் வண்டி நகரும், அவ்வளவுதான். ஷேர் ஆட்டோக்காரர்கள் எங்கள் லாரிக்குத் தேர் என்று பெயர் வைத்தார்கள். "தேர் வருது, வடம் புடிங்கடா" என்று கத்துவான்கள். இவர் அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். "டர்போ போனா இவனுங்களா மாத்தித் தருவானுங்க?" என்பார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இவர் இப்படியா இருந்தார்? பஸ்ஸை முந்துவார், கன்டெய்னரை முந்துவார், முந்துவதற்கு ஆள் இல்லையென்றால் ஹாரனையாவது அடித்துக்கொண்டே போவார். அந்த ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு இவருக்கு போன் அடிப்பேன். ஓட்டும்போது எடுத்தால் ஏன் எடுத்தார் என்று பயம், எடுக்கவில்லையென்றால் அதைவிடப் பயம். எத்தனை குழம்பு அடிப்பிடித்திருக்கிறது! சொல்லிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், உபவாசம் இருந்து பார்த்தேன். பொண்டாட்டிக்குக் குறையாத வேகம் டர்போவுக்குக் குறைந்தது. கோபம் வராதா? வந்தது. ஆனாலும் மனசுக்குள் ஃபிரடிக்குக் கோடிப் புண்ணியம் என்றேன்.

ராஜம்மா கண்ணுக்கு மறைந்ததும் ஷாலினின் அக்குளிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன். "நூத்தி ரெண்டு கீது" என்றேன்.

ஷாலின் கண்ணைத் திறந்தாள். ஆறாவது படிக்கிறாள், காய்ச்சலிலும் வாய் மட்டும் படுக்காது. "யம்மா, தண்ணி நூறு டிகிரில கொதிக்கும்னு மிஸ் சொன்னாங்க. நான் நூத்தி ரெண்டுன்னா, நான் கொதிச்சிட்டனா?"

"சும்மா படு" என்றேன். ஆனால் எனக்கே அது இடித்தது. தெர்மாமீட்டரைத் திருப்பிப் பார்த்தேன். கோடுகளுக்குக் கீழே பொடியாக ஓர் 'எஃப்'. தலையைத் தூக்கி டேஷ்போர்டைப் பார்த்தேன். அமெரிக்க மீட்டரின் வயிற்றில், தூசுக்கு அடியில், அதே 'எஃப்'. நரசிம்மன் சொன்ன அறுநூற்றைம்பது நம் ஊர் செல்சியஸ். மீட்டர் காட்டுவது ஃபாரன்ஹீட். அடப்பாவி மனுஷா!

சொல்ல வாயெடுத்தேன். ரோட்டில் ஒரு நாய் குறுக்கே வந்தது. இவர் பிரேக்கைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. நாய் நிதானமாக நின்று, எங்களைப் பார்த்து, சொறிந்துகொண்டு, பிறகு போயிற்று. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

ஷாலினுக்கு வெறும் வைரஸ் காய்ச்சல்தான், ஊசி போட்டதும் இறங்கிவிட்டது. அவள் தூங்கும்போது அவளுடைய அறிவியல் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். அறுநூற்றைம்பதை ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டினால் ஆயிரத்து இருநூற்று இரண்டு வந்தது. அதாவது டர்போவுக்கு ஒரு குறையும் வராமல் இவர் பழையபடி பறக்கலாம். புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனேன். ஒரு வாரம் மூச்சு விடவில்லை.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். ஃபவுண்டரியில் லோடு அனுப்புகிற சூப்பர்வைசர் மணிகண்டபிரபு வீடு தேடி வந்துவிட்டான். கோவில்பட்டிப் பையன், இவர் மேல் மரியாதை உள்ளவன். கொடுத்த காபியைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீய. உங்க வண்டி வர்றதுக்குள்ள, டிரம் இல்லன்னு அங்கன கம்பெனில லைனையே நிப்பாட்டிப் போடுதாவ. நாளைக்கும் லேட்டாச்சுன்னா வேற வண்டி போட்டுருன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. எங்கையில ஒண்ணுமில்ல."

அவன் போனதும் இவர் வாசலில் நின்ற லாரியின் டயரை ஒரு தட்டு தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. "வேகமா போனா வண்டி பூடும். மெதுவா போனா வேலை பூடும். நான் இன்னாதான் மேரி செய்றது?" என்றார். முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பதில் என் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. நான் என்ன ராட்சசியா?

மறுநாள் லோடு ஏற்றியதும் நானும் கேபினில் ஏறினேன். "நீ எதுக்கு?" என்றார். "மீட்டர் பாக்க" என்றேன். மெயின் ரோட்டுக்கு வந்ததும் தெர்மாமீட்டரை எடுத்து மீட்டருக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு எழுத்தையும் காட்டி விஷயத்தைச் சொன்னேன். வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினார். தெர்மாமீட்டரைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப மூணு மாசமா நான்..."

"ஆமா."

"ரோட்ல ஒருத்தன் பாக்கியில்லாம என்ன முந்திக்கினு போனானுங்களே, அது..."

"அதுவும்தான்."

"உன் தம்பி கைல கெடைக்கட்டும்" என்றார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் குலுங்கினார். அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி சொல்லு. இந்த மீட்டர்ல எத்தினி வரைக்கும் போலாம்?" என்று கேட்டார்.

"ஆயிரம்" என்றேன். அந்த இருநூற்றிரண்டை நான் விழுங்கிவிட்டேன். கூசாமல்தான் விழுங்கினேன்.

"கரீட்டா போட்டியா கணக்கு?"

"புக்கப் பாத்துதான் போட்டேன். ஒம்போதால பெருக்கி, அஞ்சால வகுத்து, முப்பத்திரெண்டக் கூட்டணும்."

மிதித்தார். டர்போ விசிலடித்தது. முள் எண்ணூறு, தொள்ளாயிரம் என்று ஏறி ஆயிரத்துக்குப் பக்கத்தில் போனதும் காலைத் தளர்த்தினார். லோடு வண்டிக்கு அது நல்ல வேகம். பறக்கவும் இல்லை, ஊரவும் இல்லை. ஒரு ஷேர் ஆட்டோவை நாங்கள் முந்தியபோது உள்ளே இருந்தவர்கள் எல்லாம் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஒரகடம் கேட்டில் லிஸ்ட்டோடு நின்ற செக்யூரிட்டி யாக்கோபு, வண்டி நம்பரை இரண்டு தடவை சரிபார்த்தார். உள்ளே லைன் நிற்கவில்லை. மணிகண்டபிரபு போன் பண்ணி, "அண்ணாச்சி, மேனேஜர் ஒண்ணும் சொல்லல, அப்பாடா!" என்றான். வேலை தப்பியது. மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

டிரம்களை இறக்கும் வரை நான் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து ஏறப் போகும்போதுதான் பார்த்தேன். டிரைவர் பக்கத்துக் கதவின் புழுதியில் விரலால் கணக்குப் போட்டிருந்தார் என் வீட்டுக்காரர். பெருக்கல், வகுத்தல், கூட்டல் எல்லாம் சுத்தமாக இருந்தது. கீழே 1202. அதற்கு அடியில் ஒரு கோடு.

ஏறி உட்கார்ந்தேன். அவர் வண்டியை எடுத்தார்.

போகும்போது ஏழு டன். வரும்போது காலி இரும்புக் கூடைகள் மட்டும். காலி வண்டிக்குச் சூடு ஏறாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மரங்கள் பின்னால் ஓடின, கூடைகள் தடதடவென்று குதித்தன, ஆனால் முள் அறுநூறில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. என் ஆயிரம் இங்கே பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. முன்னால் ஒரு கம்பெனி பஸ். இவர் வலது பக்கம் ஒடிக்கப் பார்த்தார். எதிரே கன்டெய்னர் ஒன்று வந்துகொண்டிருந்தது.

"அறநூறத் தாண்ட வேணாம்" என்று கத்தினேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். "காலி வண்டிக்குத் தனிக் கணக்கா?"

"ஆமா."

"எந்த புக்ல போட்டுகீது?"

"எந்த புக்லயும் இல்ல. எனக்கு பயமா கீது."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கன்டெய்னர் எங்களை உரசுகிற மாதிரி கடந்து போயிற்று. இன்ஜின் சத்தம் குறைவது காதில் விழுந்தது. முள் ஐநூற்றைம்பதுக்கு இறங்கி, அங்கேயே லேசாக ஆடிக்கொண்டு நின்றது. பின்னால் ஒரு தண்ணி லாரி பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது. இருதயசாமி வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, போ போ என்று அதற்கு வழி காட்டினார்.